மைசூரில் தங்கிவிட்ட பக்கங்கள்

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்தே தீபாவுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் அது. ஆயிரத்துச் சொச்சம் பக்கம். ஒரு கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். தேவராஜ அர்ஸ் ரோட்டுக்குப் பின்சந்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய பதிப்பு. ஆறு வருஷத்தில் மலையும் ஊரும் எங்கே போய்விடப் போகிறது என்று கடைக்காரர் சொன்னதும் அவளுக்குச் சரியென்றுதான் பட்டது.

போகப்போவது அவள் இல்லை, அவளுடைய அப்பாவும் அம்மாவும். அப்பா கருப்புசாமி மைசூர் ரயில்வே பணிமனையில் முப்பத்துநாலு வருஷம் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலுக்கு எஞ்சின் செய்துகொடுத்த சுவிட்சர்லாந்தில், அதேபோலப் பல்சக்கரம் வைத்து மலையேறுகிற ரயிலில் ஒருதரம் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் கூட்டிப்போகிற டூரில் போகலாம் என்று தீபா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கொடி பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் போக, பின்னாலேயே நாற்பது பேர் ஓடுவது தன்னால் ஆகாது என்றுவிட்டார். நீயே புத்தகம் பார்த்து எழுதிக்கொடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரயில் என்று வந்தால் அவருக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

அம்மா சித்தம்மாவுக்குத்தான் மனசே இல்லை. ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பேசுவது தமிழ், படித்தது ஏழாவது வரைக்கும் கன்னடம். இங்கிலீஷில் பத்து வார்த்தை தேறாது. பத்து வருஷமாகச் சர்க்கரை, காலையும் ராத்திரியும் ஊசி. அவள் பார்த்த பெரிய பயணமெல்லாம் கொள்ளேகால் போய் மாதேஸ்வரன் மலைக்குப் பஸ் ஏறுவதுதான். "அங்க போயி நான் என்ன பேசுவேன் அம்மிணி, ஊமையாட்டம் நிக்கோணுமா?" என்று கேட்டாள். அப்பா பக்கத்தில் இருக்கும்போது என்ன பயம் என்று தீபா சொன்னாள். அப்படிச் சொன்னவளுக்கே பயம் விடவில்லை.

தீபாவுக்கு முப்பத்தொரு வயது. மைசூரில் அக்ரஹாரம் என்ற பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கல்யாணம் இன்னும் அமையவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அந்தப் புத்தகம்தான். கோபுரம், அரண்மனை, ஏரி என்று பக்கம் பக்கமாகப் படம் இருந்தும் அவள் கண் அங்கெல்லாம் நிற்காது. ஒவ்வொரு ஊர்க் கட்டுரையின் கடைசியிலும் எச்சரிக்கை என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். நேரே அதற்குத்தான் போவாள். பாரிஸில் கையெழுத்துக் கேட்டு வந்து சுற்றி நின்றுகொண்டு பையை அறுக்கும் கூட்டம். போலீஸ்காரன்போல வந்து பாஸ்போர்ட் கேட்கிறவன். சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும் ரயில் வேலைநிறுத்தம். டிக்கெட்டில் முத்திரை குத்த மறந்தால் அபராதம். எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். பிறகு ஒரு நோட்டில், எந்த நாள் எந்த ஊர், எங்கே இறங்க வேண்டும், எதற்கு ஏமாறக் கூடாது என்று அம்மாவுக்காக எழுதினாள். வார்த்தைகள் தமிழ், எழுத்து கன்னடம். அம்மாவுக்கு அப்படித்தான் வாசிக்க வரும்.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது, இந்தச் செங்கல்லை யார் சுமப்பது என்று அப்பா கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. தீபா பரிசோதனை நிலையத்திலிருந்து ஒரு பிளேடு எடுத்துவந்து புத்தகத்தை அறுத்தாள். பாரிஸ் தனிக் கட்டு, சுவிட்சர்லாந்து தனிக் கட்டு, வியன்னா தனிக் கட்டு. ஊர்களைப் பற்றி இருந்ததை மட்டும் கிளிப் போட்டுக் கொடுத்துவிட்டாள். சரித்திரம், சாப்பாடு, போக்குவரத்து விவரம் என்று பொதுவாக இருந்ததெல்லாம் அட்டையோடு மைசூரிலேயே தங்கிவிட்டது. ஃபோன் விஷயமும் இப்படித்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தானே இருக்கப்போகிறோம், ஒரு ஃபோன் போதும் என்று அப்பா சொன்னார். அம்மாவின் பழைய பட்டன் ஃபோன் அணைக்காமலே பீரோவுக்குள் போனது.

பாரிஸ் நல்லபடியாகவே கழிந்தது. தினம் சாயங்காலம் அப்பா வீடியோவில் வருவார். அம்மா மங்கி குல்லாய்க்குள்ளிருந்து சிரிப்பாள். சாதம் மட்டும் சரியில்லை என்பாள். எட்டு நாள் முடிந்தபோது தீபாவுக்குப் பயம் லேசாகத் தளர்ந்திருந்தது. பாதி தாண்டிவிட்டார்கள், இன்னும் ஆறே நாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் இரண்டே கால் இருக்கும். தீபா நிலையத்தில் ரத்த மாதிரிக் குழாய்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அழைப்பு. அங்கே காலை பத்தே முக்கால் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடியே எடுத்தாள்.

"அம்மிணி, உங்கம்மா உன்கிட்டப் பேசினாளா?"

அவளுக்கு ஒரு நிமிஷம் கேள்வியே விளங்கவில்லை. அம்மாவிடம்தான் ஃபோனே இல்லையே. அது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்பது உறைத்ததும் அவள் கையிலிருந்த குழாய்களை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

அப்பா சொன்னது இதுதான். இன்டர்லாக்கன் என்ற ஊரில் காலையில் ரயில் ஏறினார்கள். அன்றைக்கு கிரின்டெல்வால்ட் என்ற மலையூருக்குப் போய், பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு, பல்சக்கர ரயிலில் பனி பார்க்க மேலே போவதாகத் திட்டம். ரயிலில் நல்ல கூட்டம். அம்மாவுக்குப் பின்பக்கம் ஒரு பெட்டியில் ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார வைத்தார். பெரிய சூட்கேஸ்கள் இரண்டையும் அங்கே வைக்க இடமில்லை. முன்பக்கம் போய் அவற்றோடு ஏறிக்கொண்டார். எல்லாம் ஒரே வண்டிதானே, அரைமணி நேரம், இறங்குகிற இடத்தில் வந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இறங்கிப் பின்னால் போனால் அம்மா இருந்த பெட்டியைக் காணோம்.

"தூங்கிட்டாளா, முன்னாடி இறங்கிட்டாளா?" என்று தீபா கேட்டாள்.

"பொட்டியே இல்ல கண்ணு. பாதி வண்டிதான் இங்க வந்து நிக்குது."

ஸ்டேஷனில் விசாரித்ததில், நடுவில் ஒரு சின்ன ஊரில் வண்டியை இரண்டாகக் கழற்றிவிடுவார்களாம். முன்பாதி இந்தப் பள்ளத்தாக்குக்கு, பின்பாதி லாட்டர்புருன்னன் என்ற வேறு பள்ளத்தாக்குக்கு. முப்பத்துநாலு வருஷம் பெட்டிகளைக் கழற்றி மாட்டியவர் இதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

பாஸ்போர்ட் இரண்டும் அப்பாவின் இடுப்புப் பையில். டிக்கெட்டும் அதில்தான். ஊசி மருந்து, பிஸ்கட், சப்பாத்திப் பொட்டலம் எல்லாம் சூட்கேஸில். அம்மாவிடம் ஒரு கைப்பை. அதில் கண்ணாடி, சீப்பு, திருநீறு, அந்தக் கன்னட எழுத்து நோட்டு. காசு இல்லை.

தீபா பதறாமல் பேச முயன்றாள். உடனே திரும்புகிற ரயில் பிடித்து அந்த இன்னொரு பள்ளத்தாக்குக்குப் போகச் சொன்னாள். அம்மா அங்கே பிளாட்பாரத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள் என்றாள். ஃபோனை வைத்ததும் அம்மாவின் ஊசி, சாப்பாட்டு வேளையைக் கணக்குப் போட்டாள். காலை ஏழு மணிக்கு அம்மா ஊசி போட்டிருப்பாள், ஏழரைக்கு ரொட்டி சாப்பிட்டிருப்பாள். பன்னிரண்டு, ஒரு மணிக்குள் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கும். முதலில் வேர்க்கும், அப்புறம் கை நடுங்கும், அப்புறம் பேச்சு குழறும். குழறினாலும் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? அவள் பேசுவதே யாருக்கும் புரியாதே.

அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்று மேலாளர் கெம்பையனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அக்ரஹாரத்துத் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் அடைத்துக்கொண்டு நின்றது. நாதஸ்வரம் காதில் விழ விழ, ஏதோ தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல இருந்தது அவளுக்கு. ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கை தானாக அம்மாவின் எண்ணை அழுத்தியிருந்தது. தினம் பத்துத் தடவை அழுத்துகிற எண். பூட்டிய வீட்டுக்குள் பீரோவிலிருந்து அந்த ஃபோன் அடித்தது. அம்மா வைத்திருந்த பக்திப் பாட்டு. தீபா வாசலிலேயே நின்றுவிட்டாள். பாட்டு முழுக்கப் பாடி ஓய்கிற வரைக்கும் உள்ளே போகக் கால் வரவில்லை.

மிச்சப் புத்தகம் அலமாரியில் இருந்தது, நடுவில் அறுபட்டு, பசை பிய்ந்து. போக்குவரத்துப் பக்கங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். தேட வேண்டியிருக்கவில்லை. பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது. இன்டர்லாக்கனில் ஏறும் வண்டி வழியில் இரண்டாகப் பிரியும், ஏறும்போதே பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறவும் என்று இரண்டே வரி. அடிக்கோடு அவள் போட்டதுதான். பக்கத்தில் 'அப்பாகிட்ட சொல்லணும்' என்று அவள் கையெழுத்து.

எப்போது எழுதினோம் என்றே நினைவில்லை. ஏதோ ஒரு சாயங்காலம் எழுதியிருக்கிறாள். அப்புறம் இந்தப் பக்கம் கனம் என்று அறுத்து வைத்துவிட்டாள். திருடனுக்கும் போலி போலீசுக்கும் எத்தனை சிவப்பு வட்டம் போட்டாள். இதற்கு மட்டும் பென்சில்.

மூன்றே காலுக்கு அப்பா திரும்ப அழைத்தார். லாட்டர்புருன்னன் வந்துவிட்டார். அம்மா அங்கே இல்லை. பிளாட்பாரம், கழிப்பறை, வெளியே பஸ் நிற்கிற இடம், எதிரே கடை, எல்லாம் பார்த்துவிட்டார். அந்த வண்டியில் வந்த கூட்டம் பாதி பஸ்ஸிலும் பாதி மேலே போகிற ரயிலிலும் ஏறிப் போய்விட்டது என்கிறார்கள். சேலை கட்டிய அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டால், தினம் நிறையப் பேர் வருகிறார்கள் என்கிறார்கள். அவர் பேசும்போது மூச்சு வாங்கியது. அவருக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு.

"இங்க ஒரு அருவி விழுகுது அம்மிணி. பெரிய பாறை. அது பக்கம் நடந்து போயிருப்பாளோ? பள்ளமெல்லாம் இருக்குது."

அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம் என்று தீபாவுக்குத் தோன்றியது. எங்கேயும் போகாதீர்கள், அந்த ஸ்டேஷனிலேயே இருங்கள், நகராதீர்கள் என்று சொன்னாள். நீங்களும் தொலைந்துவிட்டால் என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். காலையிலிருந்து படம் எடுத்து எடுத்து சார்ஜ் குறைந்துவிட்டது என்று அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது. மறுபடி அழைத்தாள். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் மரியாதையாகச் சொன்னது. மறுபடி அழைத்தாள். அதே மரியாதை.

இப்போது இரண்டு பேருமே கைக்கு எட்டாமல் போய்விட்டார்கள்.

புத்தகத்தில் சுவிட்சர்லாந்து ரயில்வே உதவி எண் என்று ஒன்று இருந்தது. அடித்தால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. ஆறு வருஷத்துப் பழைய புத்தகம். இணையத்தில் தேடி வேறொன்றைப் பிடித்தாள். நாலு பேர் மாறி மாறிப் பேசி ஐந்தாவதாக ஒருவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். வயது கேட்டார். என்ன நிறத்தில் உடை என்று கேட்டார்.

தீபாவுக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் வீடியோவில் பேசவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லி ஓடிப்போய் பீரோவைத் திறந்தாள். எந்தச் சேலை இல்லை என்று பார்த்தால் எந்தச் சேலை அங்கே இருக்கும் என்று தெரியும். பச்சைக் கரை போட்டது இல்லை, கத்திரிப்பூ நிறம் இல்லை, பழைய மெரூன் இல்லை. மூன்றில் எது? மூன்றையும் சொன்னாள். அந்த மனிதர் எழுதிக்கொண்டார். தகவல் அனுப்புகிறேன், காத்திருங்கள் என்றார். அவர் குரலில் அவசரம் இல்லாதது ஆறுதலாக இருந்ததா, பயத்தைக் கூட்டியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டு மல்லம்மா எட்டிப் பார்த்தாள். தினம் கேட்கிறவள்தான். அப்பா அம்மா சௌக்கியமா, பனி பார்த்தார்களா என்று கன்னடத்தில் கேட்டாள். நன்றாக இருக்கிறார்கள் என்று தீபா சிரித்துக்கொண்டே சொன்னாள். வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு நடுக்கம். தரையெல்லாம் பக்கங்கள் கிடப்பதை மல்லம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து தீபா அந்தப் பக்கங்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். அம்மா தவித்துக்கொண்டு நிற்பதாகவே இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம், ஆனால் அம்மா நிற்கிறவள் இல்லையே என்று தோன்றியது. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் கூட்டத்தில் பிரிந்துபோனால் மேலே சன்னதியில் போய் நிற்பாள். எல்லாரும் கடைசியில் அங்கேதானே வர வேண்டும் என்பாள். இன்றைக்கு அவள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? தீபாவே எழுதியது. இறங்கினதும் மலை ரயில் மாறி ஏறணும். மேலே பனி. அவ்வளவுதான். ஊர்ப்பெயரைக் கன்னட எழுத்தில் எழுதியிருந்தாலும் அங்கே எந்தப் பலகையோடும் அதை ஒத்துப்பார்க்க முடியாது.

வரைபடப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பள்ளத்தாக்குக்கும் நடுவில் ஒரே மலை. கிரின்டெல்வால்டிலிருந்து ஒரு பல்சக்கர ரயில் மேலே போகிறது. லாட்டர்புருன்னனிலிருந்தும் ஒன்று மேலே போகிறது. இரண்டும் மேலே ஒரே கணவாயில், ஒரே ஸ்டேஷனில் போய் முட்டுகின்றன. அம்மா இறங்கியிருப்பாள். எதிரே மலை ரயில் நின்றிருக்கும். கூட்டம் அதில் ஏறியிருக்கும். அவளும் ஏறியிருப்பாள். புருஷன் மேலே வந்துவிடுவான் என்று.

உதவி எண்ணுக்கு மறுபடி அழைத்தாள். எல்லாரும் வேலையாக இருப்பதாகச் சொல்லி இசை போட்டார்கள். ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கே மணி ஒன்றே முக்கால். அம்மா கடைசியாகச் சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த உயரத்தில் குளிர் எப்படி இருக்கும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. மயங்கிச் சரிந்தால் வெயிலில் தூங்குகிறாள் என்றுதானே பக்கத்தில் இருப்பவன் நினைப்பான்? இந்த வீட்டில் இனி தான் ஒருத்தி மட்டும் இருக்க வேண்டி வருமோ என்ற நினைப்பு சட்டென்று முளைத்தது. அதைத் தள்ளத் தள்ள அது அங்கேயே நின்றது. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஐந்தே முக்காலுக்கு ஒரு வெளிநாட்டு எண்.

ஒரு பெண் இங்கிலீஷில், நீங்கள் தீபாவா என்று கேட்டாள். மலை ஸ்டேஷனிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். ஆமாம் என்றாள் தீபா. பிறகு ஏதோ உராயும் சத்தம். பிறகு அம்மா.

"அம்மிணி, அப்பா உன்கிட்டப் பேசினாருங்களா? நாலு வண்டி வந்துருச்சு. அவரக் காணம்."

"நீ சாப்பிட்டியாம்மா?"

"சூடாப் பால் குடுத்தாங்க. ரொட்டி குடுத்தாங்க. கை நடுங்குச்சு, அந்தப் பொண்ணு பாத்துட்டு சர்க்கரை போட்டுக் குடுத்துச்சு. அப்பா எங்க கண்ணு?"

அப்பா கீழே இருக்கிறார், பத்திரமாக இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்றாள் தீபா. மூன்றில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

நடந்ததை அந்த ஸ்டேஷன்காரப் பெண்ணும் அம்மாவும் மாறி மாறிச் சொன்னார்கள். மலை ரயிலில் டிக்கெட் கேட்டபோது அம்மா நோட்டைக் காட்டியிருக்கிறாள். அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. ஏதோ இந்திய டூர்க் கூட்டத்திலிருந்து தவறியவள் என்று நினைத்து, மேலே உட்கார வைத்து, வருகிற ஒவ்வொரு கூட்டத்தின் வழிகாட்டியிடமும் உங்கள் ஆளா என்று கேட்டுக் கேட்டு இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஒரு கூட்டத்தில் யாரோ கன்னடத்தில் விசாரித்திருக்கிறார்கள். அவர்களிடமும், என் வீட்டுக்காரர் வருவார், ரயில் விஷயம் அவருக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நாலாவது வண்டியிலும் அவர் வராதபோதுதான் எழுந்து போய் தீபாவின் ஃபோன் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். மாசாமாசம் சிலிண்டர்காரனுக்கு ஒப்பிக்கிற எண். வீட்டு கேஸ் தீபாவின் பெயரில் இருந்தது. இங்கிலீஷில் அம்மாவுக்குத் தடுமாறாமல் வருவது அந்தப் பத்து இலக்கம்தான்.

தீபா அந்தப் பெண்ணிடம், கீழே அப்பாவும் காணாமல் போயிருக்கிறார், லாட்டர்புருன்னனில் இருக்க வேண்டும், நரைத்த தலை, இரண்டு பெரிய சூட்கேஸ் என்று அம்மா காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். அம்மாவுக்கு அந்த இங்கிலீஷ் புரியாது என்று தெரிந்தும் தாழ்த்தித்தான் சொன்னாள். பார்க்கிறேன், வைத்துவிடுங்கள், அழைக்கிறேன் என்றாள் அவள்.

அதற்குப் பிறகான நாற்பது நிமிஷம், முதலில் கழிந்த மூன்றரை மணி நேரத்தைவிடக் கொடுமையாக இருந்தது. ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்பதனாலேயே மற்றவரைக் கேட்கப் பயமாக இருந்தது. அருவி, பாறை, பள்ளம் என்று அவர் சொன்னதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. தேடிக்கொண்டு நடந்திருப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது உட்கார்ந்திருப்பார். சொன்ன இடத்தில் நிற்கிற ஆள் அவர் இல்லை. வாழ்நாளில் ஒருதடவையாவது அவள் சொன்ன பேச்சைக் கேட்டாரா?

இந்தத் தடவை கேட்டிருந்தார். அந்த ஸ்டேஷனில் மூன்று முறை அவர் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன விதத்தில் அது தன் பெயர் என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஊழியர் இறங்கி வந்து பார்த்தபோது, பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் சூட்கேஸ்களை விட்டுவிட்டு, வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியின் ஒவ்வொரு ஜன்னலையும் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தாராம்.

ஆறரைக்கு அவர் குரல் வந்தது. "கிடைச்சிட்டாளாமே" என்றார். அப்புறம் அழுகைதான் கேட்டது. அவர் அழுது தீபா அதுவரை கேட்டதில்லை. தூரத்தில் யாரோ அவருக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்வது கேட்டது. அவளும் இந்தப் பக்கம் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, தரையில் கிடந்த காகிதங்கள்மேல் அப்படியே படுத்துக்கொண்டாள்.

மறுநாளே டிக்கெட்டை மாற்றி அவர்களை வரவழைத்துவிட வேண்டும் என்று தீபா பிடிவாதமாக நின்றாள். அப்பாவும் தலையாட்டினார். அம்மாதான் ஒப்பவில்லை. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, மிச்சம் ஐந்து நாளையும் பார்த்துவிட்டே போகலாம் என்றாள். பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். அந்த ஐந்து நாளும் தீபா மணிக்கொரு தரம் ஃபோன் செய்தாள். நிலையத்தில் இரண்டு தடவை எண்ணை மாற்றி ஒட்டி, கெம்பையனிடம் பேச்சு வாங்கினாள். பெங்களூர் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் இரண்டு தலையும் சேர்ந்தாற்போலத் தெரிந்தபோதுதான் அவளுக்கு மூச்சு சீராயிற்று. அப்பா இளைத்திருந்தார். ஊர்க்காரர்கள் கேட்டால் பனியைப் பற்றியும் பல்சக்கரத்தைப் பற்றியும் சொன்னார். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாசம் கழித்து மூவரும் மாதேஸ்வரன் மலைக்குப் போனார்கள். கொள்ளேகாலில் பஸ்ஸில் கூட்டம். அப்பாவுக்கு முன்னால் ஓர் இடம் கிடைத்தது, தீபாவுக்கும் அம்மாவுக்கும் கடைசிக்கு முந்தைய சீட்டு. வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் அம்மா திடீரென்று, தீபா கேட்காமலே, பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் தூங்கல அம்மிணி. வண்டி நின்னுச்சு. முன்னால பாதி போயிருச்சு. எஞ்சின் மாத்தறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் எங்க வண்டியும் நகந்துச்சு. அது ஒரு பக்கம் வளையுது, இது ஒரு பக்கம் வளையுது. அந்த வளைவுல அந்த வண்டி ஜன்னல்ல அவரு தெரிஞ்சாரு. பொட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு யாரோ ஒருத்தன்கூடக் கையை ஆட்டிச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு. நான் கண்ணாடியத் தட்டினேன். ரெண்டு கையாலயும் தட்டினேன். அவரு இந்தப் பக்கம் திரும்பவேயில்ல. அப்பறம் மரம் மறைச்சிருச்சு."

தீபா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"பாஷை தெரியாதது, பசி, குளிரு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அவருக்குத் தெரியாமயே போயிட்டாரு பாரு, அதுதான். இன்னிக்கும் கண்ண மூடினா வருது." மற்றக் கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்டச் சொல்லிராத. தாங்க மாட்டாரு."

சொல்லமாட்டேன் என்றாள் தீபா. பஸ் ஒரு பெரிய வளைவில் உறுமிக்கொண்டு ஏறியது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே, ஒன்பது வரிசைக்கு முன்னால், அப்பாவின் நரைத்த பின்தலை தெரிந்தும் மறைந்தும் ஆடிக்கொண்டிருந்தது. மலை ஏறி முடிகிற வரைக்கும் அம்மா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தீபாவும் எடுக்கவில்லை.